லினக்ஸ் மின்டில் தேன் பெட்டிக் கணக்கு எழுத எந்தக் குறிப்புச் செயலி நல்லது?

குலசேகரம் தேன்:

வணக்கம். தேனீ வளர்ப்புதான் எனக்குத் தொழில். குலசேகரம், திற்பரப்பு, அருமனை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் உண்டு. ராணி எப்போது மாறியது, எத்தனை அடையில் புழு இருக்கிறது, எந்தப் பெட்டியைப் பிரித்து இதை உண்டாக்கினேன், எவ்வளவு தேன் எடுத்தேன், எல்லாம் எழுதி வைப்பது அப்பா காலத்துப் பழக்கம். அவருக்கு டைரி. எனக்குப் பாதி டைரி, பாதி போனில் கூகுள் கீப்.

கீப்பில் எழுதுவது சுலபம், தேடி எடுப்பதுதான் பாடு. ஒரே பெட்டிக்கு நான்கைந்து துண்டுக் குறிப்பு கிடக்கிறது. அதனால் லேப்டாப்பில் ஒழுங்காக ஒரு செயலி போட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர நினைக்கிறேன். லேப்டாப் மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்தது, 4 ஜிபி ராம். வந்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும் என்றதும் லினக்ஸ் மின்டின் லேசான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ போட்டுவிட்டோம். நன்றாகவே ஓடுகிறது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். தமிழில் எழுத வேண்டும், தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது, அங்கே நின்று போனில் எழுதியதை வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் பார்க்க வேண்டும். அடையைப் போட்டோ எடுத்து அதே குறிப்பில் சேர்க்க வேண்டும். மாசா மாசம் பணம் கட்டுகிற ஏற்பாடு வேண்டாம்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்கலாம். 1991-92இல் தாய்லாந்து பெயரால் தாய் சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் வந்து, புழுவெல்லாம் பை மாதிரி வீங்கிச் செத்து, நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலியானது. அப்பாவின் பெட்டிகளும் அதில் போயின. தப்பிப் பிழைத்த தேனீக் குடும்பங்களிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான் இன்று இந்தத் தொழில் நிற்கிறது. நோய் இன்னும் அங்கங்கே தலைகாட்டுகிறது. எந்தத் தாய்ப்பெட்டியின் வழியில் வந்த குடும்பம் தாங்குகிறது, எது விழுகிறது என்று தெரிந்தால், அடுத்த பிரிப்புக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்யலாம். அந்தத் தகவல் டைரியில் இருக்கிறது, ஆனால் டைரியைப் புரட்டி ஒரு பெட்டியின் வம்சத்தைப் பிடிக்க முடியவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தக்கலை டீச்சர்:

அண்ணா, நான் ஜாப்லின் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து வேலை, வீட்டுக் கணக்கு, அம்மாவின் மருந்து விவரம் எல்லாம் அதில்தான். திறந்த மூல மென்பொருள். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரே மாதிரி இருக்கும். ட்ராப்பாக்ஸிலோ ஒன்டிரைவிலோ ஒரு இலவசக் கணக்கு இருந்தால் போதும், இரண்டு பக்கமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். குறியாக்கத்தை நாமாக இயக்கிவிட்டால் அந்தக் கம்பெனிக்காரர்கள்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க முடியாது. மருந்து விவரம் வைத்திருப்பதால் எனக்கு அது முக்கியம்.

சிக்னல் இல்லாத இடத்தில் எழுதலாம். சிக்னல் வந்ததும் சேரும். போட்டோவும் செயலிக்குள் இருந்தே எடுக்கலாம். பணம் கட்டுகிற ஜாப்லின் கிளவுட் என்று ஒன்று உண்டு, அது இல்லாமலே எல்லாம் நடக்கும்.

ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அதன் தேடல் முழுச் சொல்லாகத்தான் பார்க்கும். ‘ராணி’ என்று தேடினால் ‘ராணியை’, ‘ராணிக்கு’ என்று எழுதிய குறிப்புகள் வராது. ‘ராணி*’ என்று கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் வரும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டாமல் ஒரு வாக்கியம் எழுத முடியுமா? அதனால் நட்சத்திரம் போட்டே தேடப் பழகிக்கொள்ள வேண்டும். ‘தோட்டம்’ என்பது ‘தோட்டத்தில்’ என்று மாறிவிடுவதால் ‘தோட்ட*’ என்று பாதியில் நிறுத்திப் போட வேண்டும். பழகினால் கஷ்டமில்லை.


வடசேரி லினக்ஸ்:

டீச்சர் சொன்னது சரி. ஜாப்லின் நல்ல செயலிதான். ஆனால் அண்ணாச்சியின் தேவைக்கு அதைவிடப் பொருத்தமானது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் வடசேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெஷின் போனதைப் பற்றிக் கவலையில்லை, ‘உள்ளே இருந்ததை எடுத்துத் தர முடியுமா’ என்றுதான் கேட்பார்கள். சாதாரண எழுத்துக் கோப்பு என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டிப் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவேன். ஏதாவது செயலியின் சொந்தக் கோப்பு வடிவத்துக்குள் இருந்தால், முதலில் அந்தச் செயலி இப்போது கிடைக்கிறதா, இந்தப் பதிப்பு அந்தக் கோப்பைத் திறக்குமா என்று பார்க்க வேண்டும். சில சமயம் திறக்காது.

அதனால் செயலியைப் பார்ப்பதற்கு முன்னால், எழுதியது எங்கே, எந்த உருவத்தில் கிடக்கிறது என்று பாருங்கள். ஜாப்லின் எல்லாக் குறிப்பையும் ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. வெளியே எடுக்க ஏற்றுமதி வசதி உண்டு, மார்க்டவுன் என்கிற சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே தரும். ஆனால் அதை நாம் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். அப்சிடியன் என்கிற செயலி அப்படியில்லை. நீங்கள் காட்டுகிற ஃபோல்டருக்குள் ஒவ்வொரு குறிப்பும் ஒரு தனிக் கோப்பு. ‘பெட்டி 47’ என்று எழுதினால் அதே பெயரில் ஒரு மார்க்டவுன் கோப்பு உட்கார்ந்திருக்கும். அப்சிடியனே நாளை இல்லாமல் போனாலும் மின்டோடு வருகிற எழுத்துச் செயலியிலேயே திறந்து படிக்கலாம். அப்பா டைரி இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது அல்லவா, கம்ப்யூட்டரில் எழுதுவதும் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்று, நீங்கள் கேட்கிற வம்சக் கணக்கு. அப்சிடியனில் பெட்டி 47க்கான குறிப்பில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெட்டி 12 என்று எழுதினால் அது இணைப்பாகிவிடும். அப்புறம் பெட்டி 12ஐத் திறந்தால், எந்தெந்தக் குறிப்புகள் அதைச் சுட்டுகின்றன என்று பக்கத்தில் தானாகக் காட்டும். அதாவது 12லிருந்து பிரித்த குடும்பங்கள் எல்லாம் ஒரே பார்வையில். இதைப் பின்னிணைப்பு என்பார்கள். ஜாப்லினில் இதற்குத் தனியாக ஒரு செருகுநிரல், அதாவது கூடுதல் வசதி தரும் துணைநிரல், போட வேண்டும். அப்சிடியனில் கூடவே வருகிறது. தேடலுக்கு நட்சத்திரக் குறியும் வேண்டாம்.

பணம்? தனி ஆளுக்கு இலவசம். 2025 பிப்ரவரியிலிருந்து தொழிலுக்குப் பயன்படுத்தினாலும் கட்டாயக் கட்டணம் இல்லை. அவர்களுடைய ஒத்திசைவுச் சேவைக்குத்தான் காசு, அது உங்களுக்குத் தேவையில்லை. ஒரு குறை, அது திறந்த மூல மென்பொருள் இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் கோப்பு நம் கையில் இருக்கிறவரை ஒத்துக்கொள்ளலாம்.


திருவட்டாறு மாணவன்:

அண்ணே, 4 ஜிபி ராமில் அப்சிடியனா? ஜாப்லின், அப்சிடியன் இரண்டுமே எலக்ட்ரான் செயலிகள், உள்ளே ஒரு முழுக் குரோமியம் பிரவுசர் ஓடுகிறது. கூடவே ஃபயர்ஃபாக்ஸில் நாலு டேப் திறந்தால் மெஷின் இழுக்க ஆரம்பிக்கும்.

ஜிம் டெஸ்க்டாப் விக்கி என்று ஒன்று இருக்கிறது, மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். ரொம்ப லேசு. அதுவும் ஒவ்வொரு பக்கத்தையும் தனி எழுத்துக் கோப்பாகத்தான் வைக்கிறது, பின்னிணைப்பும் உண்டு. முழுக்கத் திறந்த மூலம். நான் செமஸ்டர் நோட்ஸ் எல்லாம் அதில்தான் எழுதுகிறேன். ஆண்ட்ராய்டில் அதற்குச் சொந்தச் செயலி இல்லை, ஆனால் எஃப்-ட்ராய்ட் என்கிற திறந்த மூலச் செயலிக் கடையில் கிடைக்கும் மார்கோர் என்ற எழுத்துச் செயலி அந்தக் கோப்புகளைப் படிக்கும், எழுதவும் செய்யும்.

வடசேரி அண்ணன் கட்சியே என் கட்சியும். ஆனால் கோப்பு நம் கையில் வேண்டும் என்று சொல்லிவிட்டு மூடிய மென்பொருளைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.


குலசேகரம் தேன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்தப் பின்னிணைப்பு விஷயத்தைப் படித்ததும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் இத்தனை வருஷமாகத் தேடியது அதுதான்.

தம்பி சொன்ன ஜிம்மையும் போட்டுப் பார்த்தோம், லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. போனில்தான் எனக்கு ஒத்துவரவில்லை. மார்கோரில் கோப்பு கோப்பாகத் திறந்து எழுத வேண்டியிருக்கிறது, இணைப்புகளுக்கு நடுவே கோலம் மாதிரி அடையாளக் குறிகள் தெரிகின்றன. ஒரு கையில் அடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முக வலைக்குள் இருந்து பார்த்து, மற்றக் கையின் கட்டைவிரலில் எழுதுகிற ஆள் நான். படித்த பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். அப்சிடியன் போனில் எனக்கு எளிதாக இருந்தது. லேப்டாப்பில் அது திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, அதற்குப் பிறகு தொல்லை இல்லை. அந்த நேரத்தில் பிரவுசரை மூடி வைக்கிறேன்.

இனி மூன்று சந்தேகம். தமிழ் எழுத்து லேப்டாப்பில் எப்படி அடிப்பது? போனையும் லேப்டாப்பையும் இன்டர்நெட் செலவில்லாமல் சேர்க்க வழி உண்டா? கீப்பில் கிடப்பதை எப்படி எடுப்பது?


வடசேரி லினக்ஸ்:

மாணவத் தம்பி, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. அண்ணாச்சி ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வேறு செயலிக்கு மாறலாம் என்பதால்தான் நான் அதைச் சொன்னேன்.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்கிற பொதியை நிறுவுங்கள். மின்டின் ‘இன்புட் மெத்தட்’ அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். அப்புறம் ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஆங்கில ஒலிப்பு முறை, பழைய டைப்ரைட்டர் முறை என்று பலதும் பட்டியலில் வரும். புதிதாகப் பழகுவதென்றால் தமிழ்99ஐப் பழகுங்கள். உயிர் இடது கையில், மெய் வலது கையில் என்று பிரித்திருப்பதால் வேகம் தானாக வரும்.

போனையும் லேப்டாப்பையும் சேர்க்க சின்க்திங் என்கிற செயலியைப் போடுங்கள். நடுவில் எந்தக் கம்பெனியின் கணினியிலும் கோப்பு போய் உட்காராது. வீட்டு வைஃபையில் இரண்டும் இருந்தால் நேராகப் பேசிக்கொள்ளும், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் நடக்கும். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலியை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லோரும் சின்க்திங்-ஃபோர்க் என்பதைத்தான் பயன்படுத்துகிறார்கள், எஃப்-ட்ராய்டில் இருக்கிறது. போட்டதும் போனின் பேட்டரி அமைப்புக்குள் போய் அதற்கு விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் போன் அதைத் தூங்கவைத்துவிடும், ‘ஏன் சேரவில்லை’ என்று நீங்கள் திண்டாட வேண்டியிருக்கும். அப்சிடியனைப் போனில் முதன்முதலில் திறக்கும்போது குறிப்புகளை எங்கே வைப்பது என்று கேட்கும். செயலியின் உள்ளே வேண்டாம், போனின் பொதுச் சேமிப்பிடத்தில் வையுங்கள். அப்போதுதான் சின்க்திங் அதைத் தொட முடியும்.

முக்கியமாக ஒன்று. சின்க்திங் காப்புப் பிரதி ஆகாது. போனில் ஒரு குறிப்பை அழித்தால் லேப்டாப்பிலும் அழித்துவிடும், அதன் வேலையே அதுதான். லேப்டாப் பக்கத்துச் சின்க்திங்கில் கோப்புப் பதிப்பு வைக்கும் வசதியை இயக்குங்கள், அழிந்ததும் மாறியதும் தனி ஃபோல்டரில் நிற்கும். அதோடு மாசத்துக்கு ஒருமுறை மொத்த ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவில் போட்டு வேறு வீட்டில் வையுங்கள். மலையோரத்தில் மழைக்காலத்து இடி எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னலில் போன மதர்போர்டு எத்தனையோ என் கடைக்கு வந்திருக்கிறது.

குறிப்புக்குப் பெயர் வைக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று, அதிலும் ‘கொ’ என்றால் ககரம் ஒன்று, கொம்புக்குறி ஒன்று என இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆகக் கணக்குப் பார்த்தால் 85 குறியீட்டோடு முடிந்தது. மின்ட் நிறுவும்போது ‘ஹோம் ஃபோல்டரைக் குறியாக்கு’ என்று டிக் செய்திருந்தால் எல்லை இன்னும் குறைந்து 143 பைட், சுமார் 47 குறியீடு. எனவே ‘அருமனை மேல் தோட்டத்தில் புதிதாகப் பிரித்த குடும்பத்தின் ராணி பற்றிய விவரம்’ என்று நீட்டித் தலைப்பு வைக்காதீர்கள். ‘பெட்டி 47’ போதும். மற்றதெல்லாம் உள்ளே.


தக்கலை டீச்சர்:

கீப் விஷயத்துக்கு நான் சொல்கிறேன், சமீபத்தில் என் தம்பிக்குச் செய்து கொடுத்தேன். கூகுள் டேக்கவுட் பக்கத்துக்குப் போய், மற்ற டிக்கையெல்லாம் எடுத்துவிட்டுக் கீப்பை மட்டும் வைத்துக் கேளுங்கள். ஒரு ஜிப் கோப்பு இறங்கும். அப்சிடியனில் ‘இம்போர்ட்டர்’ என்று அவர்களே தரும் செருகுநிரல் இருக்கிறது, அந்த ஜிப்பைக் காட்டினால் குறிப்பும் படமும் உள்ளே வந்துவிடும்.

தேடலில் இன்னொரு சங்கடம் வரலாம், அண்ணா. யூனிகோடில் ‘ொ’ ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய கேள்வித்தாள்களில் ‘தொகை’ என்று தேடி, கண்ணெதிரே இருந்தும் கிடைக்காமல் நான் நிறைய அலைந்திருக்கிறேன். ‘கொ’, ‘கோ’, ‘தொ’ வருகிற சொல் ஏதாவது கிடைக்கவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். கொம்பு இல்லாத வேறொரு சொல்லை வைத்துத் தேடிப் பிடித்துவிடலாம். நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்வதில் அநேகமாகப் பிரச்சினை வராது, வெளியிலிருந்து ஒட்டுவதில்தான் கவனம்.


குலசேகரம் தேன்:

எல்லாம் ஓடுகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சின்க்திங் போட்டுக் கொடுத்தாள். நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று ஒன்றைக் காட்டுகிறேன், யாருக்காவது உதவும்.

பெட்டி 47
தாய்: [[பெட்டி 12]]
இடம்: [[திற்பரப்பு மேல் தோட்டம்]]
பிரித்தது: 2025 நவம்பர்
ராணி: புதுசு, முட்டையிடத் தொடங்கிவிட்டது
புழு: நான்கு அடை, சுத்தம், பை மாதிரி எதுவும் இல்லை
குறிப்பு: எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றிவிடுகிறது, ரப்பர் வெட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்

தோட்டத்துக்கும் தனித்தனிக் குறிப்பு போட்டிருக்கிறேன். அதுதான் இனிமேல் பெரிய உபயோகம். ரப்பரில் எங்களுக்குத் தேன் பூவிலிருந்து வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து தளிர் விட்டு, அந்தச் செம்பு நிறத் தளிர் பச்சைக்கு மாறுகிற சமயம், காம்பின் நுனியில் மூன்று இலையும் கூடுகிற இடத்தில் சுரப்பிகள் இருக்கும், அங்கேதான் துளித் துளியாகத் தேன் நிற்கும். அது எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் நடக்காது. ஒரே திற்பரப்பில் மேல் தோட்டமும் கீழ்த் தோட்டமும் முன்னே பின்னே இருக்கும். மரத்தின் ரகமும் ஒரு காரணம், எங்கள் பக்கம் ஆர்ஆர்ஐஐ 105 தான் அதிகம். தளிர் சமயத்தில் பனியும் மழையும் சேர்ந்து சாம்பல் நோய் பிடித்தால் இலை கொட்டிவிடும், அந்த வருஷம் தேனும் குறைவு. எந்தத் தோட்டத்தில் எப்போது தளிர் வந்தது என்ற விவரம் பல வருஷத்துக்கு டைரியில் இருக்கிறது. அதையெல்லாம் தோட்டத்துக் குறிப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தளிருக்கு முன்னால் பெட்டியை எங்கே நகர்த்துவது என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

பெட்டி 12ஐத் திறந்தால் அதிலிருந்து வந்த குடும்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏற்றியவரைக்கும் பார்த்ததில் அந்த வழியில் ஒன்றுகூட நோயில் விழவில்லை. இன்னொரு பெட்டியின் வழியில் மூன்று போயிருக்கிறது. மனதில் சந்தேகமாக இருந்ததுதான், இப்போது கண்ணால் பார்க்கிறேன். அடுத்த வருஷப் பிரிப்புக்கு அந்த வழியை எடுக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அருமனைப் பக்கத்துப் பெட்டிகளை வீட்டுக்காரிதான் பார்க்கிறாள். அவள் போனையும் இதில் சேர்க்கலாமா? இரண்டு பேரும் ஒரே குறிப்பில் எழுதினால் ஒன்று மற்றதை அழித்துவிடுமா?


வடசேரி லினக்ஸ்:

தாராளமாகச் சேர்க்கலாம் அண்ணாச்சி. அழிக்காது. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே குறிப்பை மாற்றியிருந்தால், சின்க்திங் ஒன்றை அப்படியே வைத்துவிட்டு மற்றதைப் பெயரில் ‘சின்க் கான்ஃப்ளிக்ட்’ என்று சேர்த்துத் தனிக் கோப்பாகப் பக்கத்திலேயே வைக்கும். அதைப் பார்த்தால் இரண்டையும் திறந்து கையால் சேர்த்துவிட்டு, அந்தக் கூடுதல் கோப்பை அழித்துவிடுங்கள். உங்கள் வேலையில் பெட்டிகள் தனித்தனி ஆள் பார்ப்பதால் அடிக்கடி வராது. தோட்டத்துக் குறிப்பில்தான் வரும், அதை ஒருவர் மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா போனை லேப்டாப்போடு மட்டும் இணைத்தால் லேப்டாப் ஓடும்போதுதான் விவரம் கைமாறும். உங்கள் போனையும் அவங்க போனையும் நேரடியாகவும் இணைத்துவிடுங்கள், லேப்டாப் மூடியிருந்தாலும் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் சேர்ந்துவிடும்.